ஓட்டோகுரொஸ்: முதலில் பிரிவு, பிறகு டயர்

டயர் கடைக்குப் போக முதல் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கார் ஓட்டப் பைத்தியம் பிடித்த பொடியன்கள் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். முதலில் அலோய் ரிம்மும் அகல டயரும் போடுகிறார்கள், எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். அந்த ரிம் ஒன்றே காரைப் பெரிய பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கும். அங்கே உங்களுடைய வீட்டுக் கார் எதிர்கொள்வது போட்டிக்கென்றே செய்த கார்களை.

தார் அல்லது கொங்கிரீட் போட்ட மூடிய இடத்தில் கோன் வைத்துப் பாதை அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் அளக்கும் போட்டிதான் ஓட்டோகுரொஸ். ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிடம், பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இதை நடத்தும் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் விளையாட்டுக் கழகத்தின் விதிப்படி ஒரு கோனைத் தட்டினால் 2 செக்கன் கூடும். இந்த ஓட்டத்தில் எஞ்சின் பலத்தை விட டயரின் பிடிதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

பிரிவைப் பிடிப்பது

ஒரு கொப்பியில் உங்கள் காரில் கொம்பனி போட்டதிலிருந்து மாறியிருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதை வடிவாகச் செய்ய வேண்டும். முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங் வெட்டியிருப்பார், ரிம்மை மாற்றியிருப்பார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. காரை ஜக்கில் தூக்கி, வீலைக் கழற்றி, ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள். வெட்டிய நுனி கிறைண்டர் பட்ட மாதிரிச் சப்பையாக, துருப்பிடித்து நிற்கும்.

எஸ்.சி.சி.ஏ.யின் ‘ஸ்ட்ரீட்’ பிரிவு தொடக்கக்காரருக்கு நல்ல அளவுகோல். ஷொக் அப்சோர்பர், பிரேக் பேட், புகைக் குழாயில் வினையூக்கிக்கு (கற்றலிற்றிக் கொன்வேட்டர்) பின்னால் உள்ள சைலன்சர் பகுதி இவற்றை மாற்றலாம். ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. ரிம்மின் அகலம் கொம்பனி அளவிலேயே இருக்க வேண்டும், விட்டம் ஒரு அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம். டயரின் பக்கச் சுவரில் அடித்திருக்கும் தேய்வு எண் (treadwear, குறைந்தால் ரப்பர் மென்மை) 200க்குக் குறையக்கூடாது. புத்தகத்தில் ‘செய்யலாம்’ என்று எழுதாத எதுவும் செய்யக்கூடாதது. ‘தடை என்று எங்கேயும் இல்லையே’ என்ற வாதம் போட்டிக்கு முன் கார் பார்க்கும் பரிசோதனை மேசையில் எடுபடாது.

நம் நாட்டுப் போட்டிகளில் பிரிவு பெரும்பாலும் சீசீயையும் மொடலையும் வைத்துத்தான். மண் பாதையில் ஓடும் தியத்தலாவ பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் போன்றவற்றில் போர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கென்று தனி ஓட்டம் நடந்திருக்கிறது, மினிக்கும் நடந்திருக்கிறது. டர்போ வைத்த சின்னக் கார்காரர் இதில் மாட்டிக்கொள்வார்கள். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் முறையைப் பின்பற்றும் இடத்தில் பெற்றோல் டர்போ எஞ்சினின் சீசீயை 1.7ஆல் பெருக்குவார்கள். சுசுகியின் 658 சீசீ டர்போ எஞ்சின் அப்போது சுமார் 1,119 ஆகிவிடும், 1000 சீசீ பிரிவு கைநழுவும். டர்போ இல்லாத அதே எஞ்சினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு பிரிவுக்கு நடுவில் நின்றால், கழற்றக்கூடியதைக் கழற்றிக் கீழ்ப் பிரிவுக்கு வருவதே எங்கள் புத்திமதி.

டயரின் பக்கச் சுவரை வாசிப்பது

முதலில் வயது. நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2223 என்றால் 2023ஆம் ஆண்டின் 22ஆம் கிழமை செய்தது. கடை ராக்கையில் பளபளப்பாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதைப் போட்டிக்கு வாங்க வேண்டாம். ரப்பர் இறுகிவிட்டால் டயரின் பூ (தரையில் படும் பக்கத்தின் வெட்டுக்கோலம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வழுக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரிம்மோடு சேர்த்து விற்கும் பாவித்த டயர்களில் இதை முதலில் பாருங்கள். மேலே புது ரப்பர் ஒட்டிய ரீபில்ட் டயர் அறவே கூடாது. வளைவில் பக்கவாட்டு இழுவை அந்த ஒட்டையே கிழிக்கும்.

அடுத்தது தேய்வு எண். 400, 500 என்று இருப்பது அன்றாட ஓட்டத்துக்கான கடினமான ரப்பர். யோகோஹாமா ஏ052 போன்றவை 200. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த டயர்களில் இந்த எண்ணே அடித்திருக்காது. விதி எண் கேட்டால், வாங்க முதல் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் பதில் எடுங்கள்.

முதலாவது பருவத்துக்கு 200 டயர் தேவையில்லை என்றே சொல்வோம். 12, 13 அங்குல ரிம்முக்கு அது கிடைப்பதே கஷ்டம். அதைவிட முக்கியம், சாதாரண டயர் பிடி விட முதல் சத்தம் போட்டுச் சொல்லும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கை பழகும். அதிகப் பிடியுள்ள டயர் ஓட்டுநரின் பிழையை மறைத்துவிடும்.

அகலம் கூட்ட விரும்பினால் ரிம்மைப் பார்த்துக் கூட்டுங்கள். 5 அங்குல அகல ரிம்மில் வரும் 175/65R14 (175 மில்லிமீற்றர் அகலம், 14 அங்குல விட்ட ரிம்) டயருக்குப் பதில் 185/60R14 போடலாம். முழு விட்டம் 583 மில்லிமீற்றரிலிருந்து 578க்குத்தான் இறங்கும், வேகமானியும் பெரிதாகப் பிசகாது. ஆனால் 195/60R14க்கு ஆகக் குறைந்தது 5.5 அங்குலம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அதை ஏற்றினால் பக்கச் சுவர் பிதுங்கி, வளைவில் மடிந்து, கார் திரும்ப நேரமெடுக்கும்.

புது டயரின் 8 மில்லிமீற்றர் பூ வளைவில் நெளியும். 4, 5 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததுதான் காய்ந்த தாரில் நன்றாக ஓடும். மாரியில் கதை வேறு. கார்த்திகை, மார்கழியில் ஓடுவதென்றால் தேய்ந்த டயரை வீட்டில் வைத்துவிட்டுப் பூ உள்ளதைப் போடுங்கள், தண்ணீர் வெளியேற வழி வேண்டும். சுப்பர் குரொஸ் மண் பாதைக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அங்கே கட்டை கட்டையான பூவும் உயர்ந்த பக்கச் சுவரும் உள்ள டயர்தான்.

காற்று

சொந்த அளவுமானி ஒன்று வாங்குங்கள். ஒரு பெற்றோல் செட்டின் மானியும் இன்னொன்றினதும் ஒத்துப்போவது அரிது. 12 வோல்ட் பம்பும் காரிலேயே இருக்கட்டும்.

முன்வீல் இழுக்கும் கார், கதவுத் தூணில் கொம்பனியின் காற்று அளவு 32 பீஎஸ்ஐ என்று போட்டிருந்தால், முன்னுக்கு 38, பின்னுக்கு 34 பீஎஸ்ஐயில் தொடங்குங்கள். டயரில் அடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பூ முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் சோக்கால் ஒரு விரல் அகலக் கோடு இழுத்துவிட்டு ஓடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் குறியைத் தாண்டிச் சுவரிலும் சோக் அழிந்திருந்தால் காற்றுப் போதாது. பூவின் ஓரத்திலேயே சோக் அழியாமல் நின்றால் காற்றுக் கூட. இரண்டு இரண்டு பீஎஸ்ஐயாக மாற்றுங்கள். வளைவில் காரின் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போனால் பின்டயருக்கு இரண்டு கூட்டிப் பாருங்கள், பின்பகுதி இலேசாகச் சுழலும்.

எங்கள் வெயிலில் தார் கொதிக்கும். டயர் 5, 6 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 1 பீஎஸ்ஐ ஏறும், அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்த கையோடும் அளவு எடுங்கள். மத்தியானத்தில் மூன்றாம், நான்காம் ஓட்டத்தில் பிடி குறைவதாகத் தெரிந்தால் ரப்பர் சூடு கூடிவிட்டது. காரை நிழலுக்கு எடுத்து, தெளிப்பான் போத்தலால் பூவில் தண்ணீர் அடியுங்கள். கடலோர மைதானமென்றால் தாரில் மணல் பரவிக் கிடக்கும். தொடங்கும் கோட்டுக்கு வர முதல் டயரைத் துணியால் துடையுங்கள்.

பரிசோதனையில் திருப்பி அனுப்பாமல் இருக்க

வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பெரும்பாலும் பேரிங். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் கம்பியின் முனை. பற்றரி அசையக்கூடாது. கால்மிதி, வீல் மூடி, ஸ்பெயார் வீல், கதவுப் பையில் கிடக்கும் போத்தல் எல்லாம் வெளியே. வீல் நட்டுக்கு டோர்க் ரெஞ்ச் பாவியுங்கள், டொயோட்டா விட்ஸுக்கு 103 நியூற்றன் மீற்றர். புது ரிம் போட்டிருந்தால் 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப இறுக்குங்கள்.

பழகுவதற்குக் கல்லடிக் கடற்கரை வீதியையோ வேறு பொது வீதியையோ பாவிக்கவே கூடாது. பார்க்க வருகிற உங்கள் ஆட்களை வேலிக்கு உள்ளே விடாதீர்கள். 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளருக்குள் பாய்ந்ததில் ஏழு உயிர் போனது.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மலைநாட்டுக்கு ஓடப் போகிறவர்கள் போட்டி டயரிலேயே ஏறி இறங்க வேண்டாம். பின்சீற்றை மடித்தால் 14 அங்குல வீல் நாலும் விட்ஸுக்குள் கொள்ளும். போட்டி டயரிலேயே வீடு திரும்ப வேண்டிவந்தால், டயர் ஆறும்வரை பொறுத்து, கதவுத் தூணில் உள்ள அளவுக்குக் காற்றை மாற்றிவிட்டு வெளிக்கிடுங்கள்.