இத்தாலிய வினைச்சொற்களில் அழுத்தம் தவறும் இடங்கள்

இத்தாலியம் கற்கும் தமிழர் ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கான சொல்லைக் குறிப்பேட்டில் ‘பார்லானோ’ என்று எழுதிக்கொள்வதுண்டு. எல்லா அசைக்கும் நெடில் இட்டுவிடுவதால், எந்த அசையை அழுத்த வேண்டும் என்பது அப்போதே மறைந்துவிடுகிறது. அழுத்தம் பெறும் உயிருக்கு மட்டும் நெடிலிட்டு ‘பார்லனொ’ என எழுதுவதே நல்லது. இக்கட்டுரையிலும் அம்முறையையே கையாள்கிறேன்.

ஈற்றயல் அசையில் (கடைசிக்கு முந்தைய அசையில்) அழுத்தம் விழும் என்ற பொதுவிதி பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்துவதால், அதை நம்பிப் பலர் ‘பர்லானொ’ என்கிறார்கள். நிகழ்காலப் படர்க்கைப் பன்மையில் அவ்விதி செல்லாது. சொல் ஓரசை நீண்டாலும், ஒருமையில் அழுத்தம் நின்ற அசையிலேயே பன்மையிலும் நிற்கும். ‘தெலேஃபொன’ (தொலைபேசியில் அழைக்கிறார்) என்பது பன்மையில் தெ-லே-ஃபொ-ன-னொ ஆகிறது. அழுத்தத்துக்குப் பின் மூன்று அசைகள் வருவது நம் காதுக்குப் புதிதாக இருப்பினும், அதுவே சரி. எனவே பன்மையை எழுத்துக்கூட்டிப் படிக்காமல், ‘ஆரெ’ என முடியும் இத்தகைய வினைகளில் ஒருமையைச் சொல்லி அதனோடு ‘னொ’ சேர்த்துப் பழக வேண்டும் என்பேன். ‘நாம் பேசுகிறோம்’ என்னும் ‘பர்லியாமொ’விலோ அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடும்.

இடம் மாறினால் பொருளும் மாறும். ‘காபிதனொ’ என்றால் ‘நேர்கின்றன’. ‘கபிதானொ’ என்றால் தலைவன். ‘கபிதனோ’ என்றால் ‘தலைமை தாங்கினான்’. இம்மூன்றில் கடைசிச் சொல்லுக்கு மட்டுமே, ஈற்றசை அழுத்தம் பெறுவதால், இத்தாலிய எழுத்தில் அழுத்தக் குறி கட்டாயம். அக்குறியை விட்டுவிட்டால் ‘பர்லோ’ (பேசினார்), ‘பார்லொ’ (பேசுகிறேன்) ஆகிவிடும். ‘வெதேரெ’ (காண்), ‘லேஜ்ஜெரெ’ (படி) ஆகியவற்றின் ஈறு எழுத்தில் ஒன்றாகவே இருப்பதால், இத்தகைய வினைகளை அழுத்தத்தோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும்.

அசை பிரிப்பதில் இரட்டை மெய் நமக்குத் தொல்லை தராது. ‘புளி’, ‘புள்ளி’ வேறுபாட்டில் பழகிய காது, ‘பேசுவோம்’ என்னும் பர்-லெ-ரே-மொவையும் ‘பேசுவோமே, ஆனால்…’ என்ற நிபந்தனைப் பொருள் தரும் பர்-லெ-ரேம்-மொவையும் எளிதில் பிரித்தறியும். ஆனால் ‘அஸ்பெத்தாரெ’ (காத்திரு) என்பதை அஸ்-பெத்-தா-ரெ எனப் பிரிப்பது தமிழ்ப் பழக்கம். இத்தாலியத்தில் ‘ஸ்’ அடுத்த மெய்யோடு சேர்வதால் அ-ஸ்பெத்-தா-ரெ என்றே வரிமுடிவிலும் பிரிக்க வேண்டும்.

ஏவல்வினையின் பின் ஒட்டும் பிரதிப்பெயரும் அழுத்தத்தை நகர்த்தாது: ‘என்னை அழை’ என்பது ‘தெலேஃபொனமி’, ‘தெலெஃபொனாமி’ அன்று.