கும்மி வட்டத்தில் சக்கர நாற்காலி: வழக்கமாக விடும் பிழைகள்

நவராத்திரி, பொங்கல் விழா, தமிழ்த் தினப் போட்டி என்று வந்தாலே கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கும்மியும் கோலாட்டமும் பழக்கத் தொடங்கிவிடுவார்கள். நடக்க ஏலாத, கை சரியாக இயங்காத இளையோரைச் சேர்க்கும் குழுக்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆட்டம் முழுவதையும் அமைத்து முடித்த பிறகுதான் 'இந்தப் பிள்ளையை எங்கே விடுவது?' என்ற கேள்வி வருகிறது. கடைசியில் மேடை ஓரத்தில், கையில் பூத்தட்டோடு விட்டுவிடுவார்கள். மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமைப்பதற்கு முன்பே, அந்த ஆட்டத்துக்கு எது இல்லாவிட்டால் முடியாது என்று பாருங்கள். கும்மிக்குக் கைதட்டும் வட்டமும் பாட்டும் போதும். குனிந்து நிமிர்வது அழகு. அது குறைந்தாலும் கும்மி கும்மிதான். கோலாட்டத்துக்குக் கோல்கள் சேரும் ஒலி வேண்டும். இரண்டிலும் கால் வேலையைக் குறைக்க இடமுண்டு. மேலே கட்டிய கயிறுகளைப் பின்னியபடி ஆடும் பின்னல் கோலாட்டம் கொஞ்சம் சிக்கல், எல்லாரும் ஒரே வேகத்தில் உள்ளும் வெளியுமாகப் போய்வர வேண்டும். பாதிப் பேர் கயிற்றைப் பிடித்தபடி நிலையாக இருக்க, மற்றப் பாதி அவர்களைச் சுற்றிப் பின்னும் விதமாக அமைத்தால் அதுவும் சரிவரும். பொய்க்கால் குதிரையை மறந்துவிட வேண்டாம். மரக்காலில் ஆடுவதைக் கைதட்டி ரசித்த சனம்தானே நாம்!

கோலாட்டத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் இரண்டு கோலையும் கொடுத்துவிட்டு "சுத்தி வாங்கோ" என்பார்கள். கை இரண்டும் கோலில் என்றால் சில்லை யார் உருட்டுவது? உடனே பின்னால் ஒருவர் ஓடிவந்து தள்ளுவார், கேட்காமலே. அடிக்கும் பகுதியையும் நகரும் பகுதியையும் பிரித்துவிடுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு எல்லாரும் நின்ற இடத்திலேயே அடிக்கட்டும், அடுத்த எட்டுக்கு நகரட்டும். கோலின் அடியில் நாடாவைக் கோத்து மணிக்கட்டில் மாட்டினால், உருட்டும்போது கோல் மடியில் கிடக்கும். தள்ளத்தான் வேண்டும் என்று அவரே சொன்னால், தள்ளுபவரும் அதே உடுப்பில் முதல் ஒத்திகையிலிருந்தே ஆடுபவராக இருக்கட்டும். ஜோடியாக நிற்பவர் தன் தோள் உயரத்தில் கோலை நீட்டுவதும் பிழை. நாற்காலியில் இருப்பவரின் நெஞ்சு உயரத்துக்கு முழுக் குழுவும் கோலைத் தாழ்த்தினால் யாருக்காகத் தாழ்த்தினார்கள் என்பது தெரியாது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 5 அடி விட்டம் வேண்டும். எல்லாருக்கும் அதே இடைவெளியை விடுங்கள்.

வேகம் கூடும் இடத்தில் சிலரை நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை. ஒன்றுவிட்டு ஒரு தட்டுக்கு அவர்கள் அடித்தாலும் தாளம் கெடாது. கேட்பவருக்கு அது வேண்டுமென்றே அமைத்ததாகத்தான் படும். மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் தசைகள் சொன்னபடி இயங்காத நிலை) உள்ள பிள்ளைகளுக்குத் திடீரென்று பறையோ மேளமோ முழங்கினால் உடல் திடுக்கிட்டு இறுகிவிடக்கூடும். மெல்லத் தொடங்கி ஒலியை ஏற்றுங்கள். இறுகிய கையை இழுத்து நிமிர்த்தவே கூடாது.

செயற்கைக் கால் போட்டவர்களை வெறுங்காலோடு ஆட ஏலாது என்று ஒதுக்குவதும் உண்டு. கொழும்பு ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பில் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் கால், சப்பாத்து இல்லாமலும் நடக்கக்கூடியதாக உருவானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையால் காலின் மீதிப்பகுதி உரசிப் புண்ணாகும். இடைவேளையும், அந்த மீதிப்பகுதியில் போடும் உறையை மாற்ற ஒரு மறைவான இடமும் கொடுங்கள். துடைத்த ஈரம் காயாத மாபிள் தரையில் யாரையும் ஆடவிடாதீர்கள்.

மேடைக்கு வருவோம். நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏற்றுவது ஆபத்து, தூக்கப்படுபவருக்கு வெட்கமும்கூட. சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. மூன்றடி மேடை என்றால் 36 அடி வேண்டும், நம் மண்டபங்களில் அதற்கு எங்கே இடம்? மேடையை விட்டு இறங்கி, கதிரைகளை ஒதுக்கித் தரையிலேயே ஆடுங்கள். கும்மி முற்றத்து ஆட்டம்தானே. மண்டபக்காரரிடம் வாசல் படியையும் மலசலகூடக் கதவின் அகலத்தையும் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் இருக்கும் நாடு இது. பண்பாட்டு வாழ்வில் அவர்கள் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்லும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றிருக்கிறது.

பேசும் விதத்திலும் கவனம் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை முன்னால் இருக்க, "அம்மா, பிள்ளைக்கு இது ஏலுமா?" என்று தாயிடம் கேட்கும் ரீச்சர்மார் நிறையப் பேர். "தம்பி, எந்தக் கை உங்களுக்குச் சுகம்?" என்று அவரிடமே கேட்டால் ஆட்டத்தின் பாதி அங்கேயே அமைந்துவிடும். அறிவிப்பாளரையும் முன்கூட்டியே பிடித்துவையுங்கள். 1981 விபத்தில் காலை இழந்து ஜெய்ப்பூர்க் காலோடு மேடைக்குத் திரும்பிய இந்திய நர்த்தகி சுதா சந்திரனை அவர் கட்டாயம் உதாரணமாக இழுப்பார். விபத்துக்கு முன்பே நன்றாகப் பயின்றவர் சுதா. இப்போதுதான் கோல் பிடிக்கப் பழகும் பிள்ளைக்கு அந்த ஒப்பீடு எதற்கு?

உடுப்பில் முந்தானையும் தாவணியும் சில்லுக்குள் சிக்கும். இடுப்போடு செருகித் தையுங்கள். சலங்கையை மணிக்கட்டில் கட்டலாம். மடிக்கக்கூடிய நாற்காலியை ஓட்டோவில் ஏற்றலாம், மின்கல நாற்காலிக்கு வான் பிடிக்க வேண்டும். அந்தச் செலவை விழாக் கணக்கில் முதலே போடுங்கள். ஒத்திகையை மாலை ஐந்து மணிக்கு, காலி வீதி (Galle Road) நெரிசலில் வைக்காமல் ஞாயிறு காலைக்கு மாற்றிவிடுங்கள்.