பூப்பாதை திரும்பும் திசை: ‘கோகோ’ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

பிக்சார் நிறுவனத்தின் ‘கோகோ’ 2017இல் வெளிவந்து, மறு ஆண்டே சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இசையை அறவே விலக்கிவிட்ட, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த மிகேல் என்னும் 12 வயதுச் சிறுவன், மெக்சிகோவின் இறந்தோர் நாளன்று செத்தவர்களின் உலகத்துக்குள் போய்ச் சேர்வதே கதை. எலும்புக்கூடுகள் நடமாடும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் தயங்குவதுண்டு. சாவு வீட்டுக் கானாவையும் பறையடியையும் தெருமுனையில் நின்று கேட்டு வளரும் வியாசர்பாடிப் பிள்ளைக்கோ ராயபுரத்துப் பிள்ளைக்கோ, சாவும் பாட்டும் சேர்ந்து வருவது புதிதல்ல என்பதால், அந்தத் தயக்கம் வேண்டாம் என்பேன். சிறிது முன்னேற்பாடு மட்டும் வேண்டும்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுங்கள். படத்தில் ஐந்து தலைமுறை வருகிறது. ஆங்கிலத்தில் ‘கிரேட்’ என்ற சொல்லை அடுக்கித்தான் இவர்களைக் குறிக்க முடியும். நமக்கோ எலேனா பாட்டி, கோகோ கொள்ளுப்பாட்டி, இமெல்டா எள்ளுப்பாட்டி என்று மூன்றே சொற்களில் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது காகிதம். குடும்பத்தின் முன்கதை, தொடக்கத்தில் வண்ணக் காகிதத்தில் வெட்டிய தோரணங்களின் மேல் அசையும் உருவங்களாகவே சொல்லப்படுகிறது. காத்தாடிக் காகிதத்தை நான்காக மடித்து, ஓரங்களில் பிறையும் முக்கோணமுமாக வெட்டச் சொன்னால், அந்தக் காட்சி வரும்போது பிள்ளைகள் தாமாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். (மாஞ்சா நூல் கலவாத பயன் அந்தக் காகிதத்துக்கு இதைவிட வேறென்ன இருக்கிறது!)

நின்று பேச வேண்டியது பூவைப் பற்றித்தான். மெக்சிகோக்காரர்கள் அந்நாளில் பயன்படுத்துவது நம் செண்டுமல்லியை. அதன் தாயகமே மெக்சிகோதான். இறந்தவர்கள் வழி தவறாமல் வந்து சேர அதன் இதழ்களைத் தூவி வீட்டுக்குப் பாதை அமைக்கிறார்கள். படத்தில் இரண்டு உலகங்களையும் இணைக்கும் பாலமே அந்த இதழ்களால் ஆனது. நம் தெருவிலும் பூப்பாதை உண்டு. வீட்டு வாசலில் தொடங்கி மூலக்கொத்தளம் சுடுகாடு வரை பாடைக்கு முன்னால் இறைக்கப்படும் அந்தப் பூக்களை மிதிக்காதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். இங்கே அந்தப் பாதை வீட்டிலிருந்து வெளியே போகிறது. அங்கே அது வீட்டை நோக்கி வருகிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாமல், பாலம் தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, “நம்ம தெருவுல பூ எங்க போகும்?” என்று மட்டும் கேளுங்கள்.

படையலிலும் இதே கவனம் தேவை. ‘ஒஃப்ரெண்டா’ என்னும் அவர்களுடைய படையல் மேசையில் இறந்தவரின் புகைப்படம், மெழுகுவத்தி, உணவு, நீர் எல்லாம் இருப்பதால், ‘நம்ம அமாவாசை மாதிரிதான்’ என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். ஆனால் நாம் காகத்துக்குச் சோறு வைத்துக் காத்திருக்கிறோம். அவர்களோ வந்த ஆவி உணவின் மணத்தையும் சாரத்தையும் ஏற்றுக்கொள்வதாக நம்புகிறார்கள். பழங்குடி மரபும் கத்தோலிக்க மரபும் கலந்து உருவான அந்தத் திருநாள் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் வருவதால், 2ஆம் தேதி காசிமேடு கல்லறையில் மாலையும் மெழுகுவத்தியுமாகக் கூடும் குடும்பங்களைப் பார்த்த பிள்ளைக்கு அதன் ஒரு பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

படம் 1 மணி 45 நிமிடம் ஓடும். நவம்பர் மழைக்காலம் என்பதால் மொட்டைமாடித் திரையை நம்ப வேண்டாம். நினைக்க ஆளில்லாத ஒருவர் மெல்ல மங்கி மறையும் காட்சி நடுவில் வரும்; பின்னர் ஒரு கொலையும் வெளிப்படும். ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை அப்போது மடியில் வைத்துக்கொள்வது நல்லது.

படையல் மேசையில் புகைப்படம் வைக்கப்பட்டவர் மட்டுமே பாலத்தைக் கடக்க முடியும் என்பது கதையின் விதி. ஆகவே படம் முடிந்ததும் வீட்டின் பழைய புகைப்படங்களை எடுத்து, ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு, பின்புறம் பெயரையும் ஊரையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுத வேண்டும்.