வானத்தில் மூன்று கரும்புள்ளிகள்

தனுஷ்கோடியில் எடுத்த படங்களில், வானத்தின் மேல் மூலையில் மங்கலாக மூன்று கரும்புள்ளிகள். லென்ஸைத் துடைத்தேன், போகவில்லை. வேறு லென்ஸ் போட்டேன், அப்போதும் அதே இடம். சரி, தூசி கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில்தான். மணற்காற்றில் லென்ஸ் மாற்றியிருக்கவே கூடாது.

லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தேன். புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. துளை பெரிதான எஃப்/4-இல் காணோம். துளை சிறுத்தால்தான் தூசியின் நிழல் கூர்மையாக விழும்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தேன். சென்சாரை மறைத்திருந்த உள்கண்ணாடி மேலே போனது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஊதினேன். வாயால் ஊதிவிடாதீர்கள், எச்சில் பட்டால் தூசியைவிட மோசம். இரண்டு போயின. படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கீழ்ப்பக்கம் ஊதினேன், மூன்றாவதும் போனது.