கேவிஎம் சுவிட்ச்: சர்வர் அறைக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும், மதுரை நகருக்குள் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிதி நிறுவனங்களும் வைத்திருக்கும் சர்வர் அறைகளுக்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒரே விசைப்பலகை, ஒரே திரை, ஒரே மவுஸ் ஆகியவற்றைக் கொண்டு ரேக்கிலுள்ள எல்லா சர்வர்களையும் கையாள உதவும் கேவிஎம் சுவிட்சை அவர்களிடம் ஒப்படைத்ததும், நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் நடந்த அதே பிழைகள் மறுபடியும் நடக்கின்றன. கேபிளைத் தளர்வாகச் செருகுவது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

போர்ட்டின் பெயரை நம்பி விசையை அழுத்துவது

சுவிட்சின் மெனுவில் தெரியும் பெயர் யாரோ ஒருவர் என்றோ தட்டச்சு செய்து வைத்தது. ஏழாவது போர்ட்டில் இன்று எந்தச் சர்வரின் கேபிள் இருக்கிறது என்பது சாதாரண அனலாக் சுவிட்சுக்குத் தெரியாது. சர்வரையும் கேபிளையும் இணைக்கும் சிறு கருவியான டாங்கிளிலேயே பெயர் பதிவாகும் மாதிரிகளும் உண்டு; ஆனால் அந்த டாங்கிளைக் கழற்றி வேறு சர்வரில் மாட்டினால் பழைய பெயரும் அதனுடனேயே போய்விடும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரைக்கு உள்ளூர் விடுமுறை. வெளியூர்க் கிளைகளுக்கு அது வேலை நாள். அப்படியொரு நாளில், ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மட்டுமே பணியில் இருந்தார். விண்டோஸில் ஓடும் பேக்கப் சர்வருக்குள் நுழைய வேண்டியிருந்ததால், மெனுவில் அந்தப் பெயரைத் தாங்கிய ஏழாவது போர்ட்டைத் தேர்ந்தெடுத்தார். திரை கருப்பாக இருந்தது. விண்டோஸில் லாகின் செய்ய வழக்கமாக அழுத்தும் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். ஒன்றும் தெரியாததால் விடாமல் அழுத்தினார். முந்தைய வாரம் ரேக்கைச் சீரமைத்தவர்கள் கேபிள்களை இடம் மாற்றிவிட்டு, மெனுவில் பெயர்களை மாற்றாமலே போயிருந்தார்கள். ஏழாவது போர்ட்டில் இருந்தது லினக்ஸில் ஓடும் டேட்டாபேஸ் சர்வர்.

லினக்ஸின் எழுத்துக் கன்சோலில் அந்த மூன்று விசைகள், யாரும் லாகின் செய்யாத நிலையிலும், பொதுவாக ரீபூட்டைத்தான் தொடங்கும். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் உள்ள லினக்ஸில், 2 நொடிக்குள் 7 முறைக்கு மேல் அழுத்தினால், சேவைகள் முறையாக நிற்பதற்குக்கூடக் காத்திராமல் இயந்திரம் உடனே ரீபூட் ஆகிவிடும். பதற்றத்தில் இருப்பவரின் விரல்கள் அந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டும். “அண்ணே, பேக்கப் சர்வருக்குள்ள போகவே முடியலண்ணே” என்று அவர் தொலைபேசியில் சொன்ன நேரத்தில், கிளைகளில் பில் போட முடியாமல் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். டேட்டாபேஸ் தன் பதிவுகளைச் சரிபார்த்து மீண்டும் எழுவதற்குள் மாலையாகிவிட்டது. எல்லோரும் அந்தத் தம்பியைக் கடிந்துகொண்டார்கள். கேபிளை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றாமல் போனவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அவர்கள் மீதுதான்.

ஆகவே, கருப்புத் திரையை எழுப்ப ஷிஃப்ட் விசையை மட்டும் தட்டுங்கள். அது எந்தச் சர்வரிலும் எதையும் கெடுக்காது. லினக்ஸ் என்றால் லாகின் வரியிலேயே சர்வரின் பெயர் பெரும்பாலும் தெரியும். விண்டோஸ் என்றால் உள்ளே போனதும் ஹோஸ்ட்நேம் கட்டளையைக் கொடுத்துப் பெயரைப் பாருங்கள். அணைப்பது, ரீபூட் செய்வது போன்ற வேலையாக இருந்தால், சர்வரிலுள்ள அடையாள விளக்கை எரியவிட்டு, எந்தப் பெட்டியில் அது மின்னுகிறது என்று ரேக்கின் முன்னும் பின்னும் நேரில் போய்ப் பாருங்கள். சர்வரைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்ய உதவும் ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையின் கட்டளை வழியாக எரியவிட்டால், நேரம் எதுவும் குறிப்பிடாதபோது அது 15 நொடிதான் எரியும். நடந்து போகும் தூரத்துக்கு ஏற்றபடி நேரத்தைக் கூட்டிக்கொடுங்கள். லினக்ஸ் சர்வர்களில் அந்த மூன்று விசைகளுக்கான சிஸ்டம்டி டார்கெட்டை மாஸ்க் செய்துவிடுவது, அதாவது இயங்கவே முடியாதபடி முடக்கிவிடுவது, நல்லது. விரைந்து அழுத்தும்போது நேரும் உடனடி ரீபூட்டை நிறுத்த சிஸ்டம்டியில் இன்னொரு செட்டிங் தனியாக இருக்கிறது, அதையும் சேர்த்து முடக்குங்கள். கேபிளின் இரு முனைகளிலும் சர்வரின் பெயரை ஒட்டுங்கள். கேபிளை இடம் மாற்றினால், ரேக்கின் கதவைச் சாத்துவதற்கு முன்பே மெனுவிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.

லாகின் செய்த திரையை அப்படியே விட்டுப் போவது

வேறு போர்ட்டுக்கு மாறினால் லாக்அவுட் ஆகாது. முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக நீங்கள் திறந்த திரை அடுத்து வருபவருக்குத் திறந்தே கிடக்கும்.

ஆர்ஜே-45 முனையைக் கண்டதும் நெட்வொர்க் என்று எண்ணுவது

நெட்வொர்க்குக்குப் பயன்படும் அதே கேட்-5 கேபிளிலும் ஆர்ஜே-45 முனையிலும் இயங்கும் கேவிஎம் சுவிட்சுகள் பலவற்றில் ஓடுவது வழக்கமான நெட்வொர்க் சிக்னலான ஈதர்நெட் அல்ல. அந்தந்த நிறுவனத்தின் தனி சிக்னல். அந்தக் கேபிளின் முனையைக் கவனிக்காமல் மின்சாரமும் அனுப்பும் பிஓஇ நெட்வொர்க் சுவிட்சில் செருகினால் டாங்கிள் பழுதாகக்கூடும். கேவிஎம்முக்கென்று ஒரு தனி நிறத்தில் கேபிள் வாங்கி, அந்த நிறத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

திரை வரவில்லை என்றதும் சர்வரைக் குற்றம் சொல்வது

சர்வர் தொடங்கும்போது, தன்னுடன் இணைந்துள்ள திரையின் விவரத்தை ஈடிஐடி வழியாகக் கேட்கும்; திரை தன் அளவுகளைச் சொல்லும் தரவு அது. அந்த நேரத்தில் சுவிட்ச் வேறு போர்ட்டில் இருந்து, ஈடிஐடி விவரத்தைத் தானே கொடுக்கும் வசதியும் அதற்கு இல்லையென்றால், திரை வராமலோ குறைந்த தெளிவிலோ தொடங்கலாம். மலிவு விலைச் சுவிட்சை வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபி கேவிஎம்மை அலுவலக நெட்வொர்க்கிலேயே விடுவது

நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து கையாளும் ஐபி கேவிஎம்மும் சர்வருக்குள்ளேயே இருக்கும் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலை மேலாண்மைக் கருவிகளும், சர்வர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் வரை கைக்குள் கொடுக்கும். அவற்றில் நுழைந்தவர் ரேக்கின் முன்னால் நிற்பவருக்குச் சமம். 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது: சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, லாகின் முடியும் முன்னரே கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடான ஹாஷை அது கொடுத்துவிடும். அதைக் கொண்டு கடவுச்சொல்லை வெளியிலிருந்தபடியே நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். மேலாண்மைக்கென்று தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க்) அமையுங்கள், வெளியிலிருந்து விபிஎன் என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாக மட்டும் அனுமதியுங்கள், ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

கேவிஎம்மை யுபிஎஸ்ஸில் இணைக்காமல் விடுவது

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால், யுபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் சர்வர்களை ஒவ்வொன்றாக முறையாக அணைக்க உங்களுக்கு வேண்டியது அந்தத் திரைதான்.