ஈ-கேட்ஹெரின் ஆன்டிபாடி: செல்களின் எல்லைக்கோட்டை ஒளிர வைப்பது எப்படி?

தோல், குடல், மார்பகச் சுரப்பி என எபிதீலியச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் எல்லாம் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் முக்கியமான புரதம் ஈ-கேட்ஹெரின். ஒரு செல்லின் கேட்ஹெரின் பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினோடு கைகோர்க்கும். அந்தப் பிடி நிற்கக் கால்சியம் வேண்டும். வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களைப் பெயர்க்கும்போது, புரதத்தை வெட்டும் நொதியான ட்ரிப்சினோடு ஈடிடிஏ சேர்க்கிறோமே, கால்சியத்தைப் பறித்து இந்தப் பிடியைத் தளர்த்தத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டே கீழே படியுங்கள்.

ஈ-கேட்ஹெரினில் போய் ஒட்டும் ஒரு ஆன்டிபாடி (பிரைமரி), அதன் மேல் ஒட்டி ஒளிரும் இன்னொன்று (செகண்டரி): இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லைக்கோட்டைப் பார்க்கப் போகிறோம். முதலில் பிரைமரி ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுப்போம். தகவல் தாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த விலங்கில் உருவானது, இப்படி ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குச் சோதித்திருக்கிறார்களா, புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது. புரதங்களின் மடிப்பைக் குலைத்து, அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் 120 கிலோடால்டன் அருகே அழகாகப் பட்டை காட்டும் ஆன்டிபாடி, மடிப்புக் குலையாத புரதத்தை அடையாளம் காணாமல் போகலாம். செல்லுக்கு உள்ளே இருக்கும் வால்பகுதியைப் பிடிப்பது என்றால் சவ்வில் துளையிடாமல் வேலை நடக்காது.

அடுத்து செல்கள். ஈ-கேட்ஹெரின் உள்ள மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையான எம்சிஎஃப்-7 நல்ல தொடக்கம். கவர் ஸ்லிப்பில் வளர்த்து, அவை ஒன்றையொன்று தொட்டுப் பரவும் வரை பொறுங்கள். தனித்தனியாகக் கிடக்கும் செல்லில் எல்லைக்கோட்டைத் தேடிப் பயனில்லை. கூடவே இன்னொரு மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையான எம்டிஏ-எம்பி-231 செல்களையும் ஒரு ஸ்லிப்பில் வளருங்கள். அவற்றில் ஈ-கேட்ஹெரின் மரபணு அணைந்து கிடப்பதால் கோடு தெரியக்கூடாது. தெரிந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகப்படலாம்.

இப்போது கழுவுதல். என் முதல் முயற்சி இங்கேதான் பாழானது. அலமாரியில் இருந்த சாதாரண பிபிஎஸ்ஸை (கழுவப் பயன்படும் உப்புக் கரைசல்) ஊற்றிவிட்டு, ஃபோன் வந்ததென்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் செல்கள் ஆளுக்கொரு பக்கம் சுருங்கி உருண்டு நின்றன. அந்த பிபிஎஸ்ஸில் கால்சியம் இல்லை. ஃபிக்ஸ் செய்யும் வரை, அதாவது செல்களை இருந்த நிலையிலேயே நிலைப்படுத்தும் வரை, கால்சியமும் மக்னீசியமும் உள்ள பிபிஎஸ்தான், அதுவும் சுருக்கமாக. ஃபிக்ஸ் ஆன பிறகு எது வேண்டுமானாலும் சரி.

ஃபிக்ஸ் செய்ய 4% பாராஃபார்மால்டிஹைடு, அறை வெப்பநிலையில் 15 நிமிடம். நச்சு என்பதால் ஃபியூம் ஹூடுக்குள், கையுறையோடு. மூன்று முறை கழுவி, சவ்வில் துளையிட 0.1% ட்ரைட்டன் எக்ஸ்-100-ல் 10 நிமிடம். அப்புறம் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, 5% சீரத்தில் ஒரு மணி நேரம் பிளாக்கிங். செகண்டரி ஆன்டிபாடி ஆட்டில் தயாரானது என்றால் ஆட்டுச் சீரம்.

பிரைமரி ஆன்டிபாடியைத் தாளில் சொன்ன விகிதத்திலேயே தொடங்குங்கள். 1:200 என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டர் மட்டும் கலக்கப் போனால் அரை மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிவரும், அதைப் பிபெட்டால் துல்லியமாக எடுப்பது கடினம். 200 ஆகவே கலந்துவிடுங்கள். பாராஃபில்ம் மேல் 50 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, கவர் ஸ்லிப்பைச் செல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்க்க வேண்டும். எந்தப் பக்கம் செல் என்று குழம்பினால் ஓரத்தில் ஃபோர்செப்ஸ் முனையால் லேசாகக் கீறுங்கள், செல் இருக்கும் பக்கத்தில் தடம் விழும். ஈரத் துணி வைத்த மூடிய பெட்டியில், 4 டிகிரியில் இரவு முழுக்க இருக்கட்டும். ஒரு ஸ்லிப்புக்கு மட்டும் பிரைமரி போடாதீர்கள், அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாடு (கண்ட்ரோல்).

மறுநாள் மூன்று முறை கழுவிவிட்டு ஒளிரும் செகண்டரி: பிரைமரி எலியில் உருவானது என்றால் எலி ஆன்டிபாடிக்கு எதிரானது, 1:500, ஒரு மணி நேரம், இருட்டில். உட்கருவை நீலமாகக் காட்ட டாபி சாயம் ஐந்து நிமிடம். மறுபடி கழுவி, ஸ்லைடில் ஒட்டி, ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்துவிடலாம்.

மைக்ரோஸ்கோப்பில் எம்சிஎஃப்-7 தேன்கூடு போலத் தெரிய வேண்டும்: நடுவே நீல உட்கரு, சுற்றிலும் மெல்லிய கோடு. செல் முழுக்கப் புகை மூட்டமாக இருந்தால் பிரைமரி போடாத ஸ்லிப்பைப் பாருங்கள். அதிலும் மூட்டம் என்றால் குற்றவாளி செகண்டரி, அதன் அளவைக் குறையுங்கள். கோடு அறுந்து, செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால் ஆன்டிபாடியைத் திட்டுவதற்கு முன் பிபிஎஸ் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்.