பேசப் போகும் முன் டீக்கடைக்குப் போங்கள்

எந்த ஊரில் பேசப் போனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அங்குள்ள டீக்கடையில் உட்காருங்கள். மதுரைப் பக்கக் கூட்டங்களில் எனக்குக் கைகொடுப்பது இதுதான். அங்கே காதில் விழுந்த ஒரு சங்கதியோடு தொடங்கினால், செல்போனில் மூழ்கியவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்புறம், நீங்கள் செய்யாததை ஊருக்குச் சொல்லாதீர்கள். 1921-ல் மதுரைக்கு ரயிலில் வந்த காந்தியிடம், கதர் வாங்க வசதியில்லை என்றார்கள் சக பயணிகள். செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் அரைவேட்டியோடு வெளியே வந்தார். அதன்பின் அவர் கதரைப் பற்றிப் பேசினால் யார் மறுத்துச் சொல்ல முடியும்?

கேள்வி நேரத்தில் விடை தெரியாவிட்டால் 'தெரியலைங்க' என்று சொல்லிவிடுங்கள். சமாளித்தால் முன்வரிசைப் பெரியவர் பிடித்துவிடுவார். மதுரையில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்.